தாளில் பதிந்த நம்பிக்கை

(ஹாலிஎலயில் நடைபெற்ற ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிற் பேச வருகிறவர் சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நான் இன்று ஓர் அச்சகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கலியாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடிக்கும் அச்சகமன்று அது. அரசாங்கங்கள் பலவற்றுக்கு நாணயத்தாளும் தபால் முத்திரையும் கடவுச்சீட்டும் அச்சிட்டுக் கொடுத்த டி லா ரூ என்னும் ஆங்கிலேயக் கம்பனியையும், அத்தொழிலில் உழைத்த மக்களையும் பற்றியதே என் பேச்சு. "அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் இருக்கும் தம்பிமார் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. அது நமது ஊவா மலையிலேயே தொடங்குகிறது.

1869ஆம் ஆண்டில், இதே பதுளைப் பக்கத்து மடுல்சீமையில், கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்தாற்போல ஒரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. அப்போது அதைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலே சாய்ந்துவிட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் கதவை மூடியது. அந்நாளில் இலங்கையிற் கைமாறிய தாள்காசில் பெரும்பகுதி அந்த வங்கி வெளியிட்டதே. காலையிற் காசாக இருந்தது மாலையில் வெறுங் கடதாசியாகிவிடும் நிலை வந்தது. ஆளுநர் சேர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்த பின்னரே சந்தைக்கு உயிர் வந்தது. அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசாங்கமே நாணயத்தாள் வெளியிடலாயிற்று. ஒரு கோப்பி இலையில் விழுந்த புள்ளி ஒரு நாட்டின் காசையே மாற்றிவிட்டது!

இதிலிருந்து நாம் அறிவது யாது? கடதாசிக்குத் தனியாக மதிப்பு இல்லை. அதன் பின்னால் நிற்கும் சொல்லுக்கே மதிப்பு. அந்தச் சொல்லைப் பிறர் திருடாதபடி தாளிற் பதித்துக் கொடுப்பதே இந்த அச்சகங்களின் தொழில்.

தோமஸ் டி லா ரூ என்பவர் 1793இல் குவெர்ன்சி என்னும் சிறு தீவிற் பிறந்தவர். அங்கே அச்சுத் தொழில் கற்று, ஒரு பத்திரிகையும் நடத்தி, பின்னர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். வைக்கோற் தொப்பி செய்து விற்றார், எழுதுபொருள் விற்றார், சீட்டாட்டத்துக்குரிய சீட்டுகளை அச்சிட்டார். ஒரு கட்டுச் சீட்டில் ஒன்றன் முதுகு மற்றொன்றின் முதுகிலிருந்து இம்மியளவும் வேறுபடக் கூடாது. வேறுபட்டால் ஆட்டத்திற் கள்ளம் புகும். அந்த ஒழுங்கே பின்னாளில் முத்திரைக்கும் நாணயத்தாளுக்கும் கைகொடுத்தது. 1855இல் பிரித்தானியத் தபால் முத்திரை, அதே காலத்தில் இந்திய முத்திரை, 1860இல் மொரீசியசுத் தீவுக்கு நாணயத்தாள் என்று தொழில் வளர்ந்தது. இலங்கையின் முதல் முத்திரைகளை 1857இல் அச்சிட்டது பேர்க்கின்ஸ் பேக்கன் என்னும் வேறொரு கம்பனி. பின்னர் அந்த வேலையும் டி லா ரூவின் கைக்கு வந்தது. ரூபா சதக் கணக்கு வந்த 1872க்குப் பின் நம் நாட்டுக் கடிதங்களில் ஒட்டிய முத்திரைகள் அங்கே அச்சானவை. இந்தியாவோ 1925இல் நாசிக் நகரில் தனக்கென்று ஓர் அச்சகம் அமைத்துக்கொண்டது.

இனித் தொழிலாளரைப் பற்றிச் சொல்கிறேன். நாணயத்தாளில் உள்ள உருவத்தை உருக்குத் தகட்டிற் கோடு கோடாகச் செதுக்கினார்கள். ஒருவர் கையெழுத்து மற்றொருவருக்கு வராதது போலவே ஒரு செதுக்குநர் வெட்டிய கோடு மற்றொருவருக்கு வராது. கள்ள நோட்டுக்காரனுக்கு முதல் எதிரி அந்தக் கைத்திறனே. அச்சுக்குச் செல்லும் தாள்களை எண்ணிக் கொடுப்பார்கள். வரும்போதும் எண்ணி வாங்குவார்கள். கெட்டுப்போன தாளுக்கும் கணக்கு உண்டு. அதை அழிப்பதற்கும் சாட்சி உண்டு. நாள் முழுவதும் கோடிக்கணக்கான பணத்தைத் தொட்டுவிட்டு, மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். நோட்டிலே ஆளுநரின் கையொப்பம் இருக்கும். செதுக்கியவன் பெயர் இராது. தேயிலைப் பெட்டியில் கம்பனியின் பெயர் இருக்கும். கொழுந்து பறித்தவளின் பெயர் இராது. இந்த ஒற்றுமையை நாம் உணர வேண்டும்.

இத்தொழிலில் இயந்திரத்தைவிட மனிதனின் நேர்மையே பெரிது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வேன்.

லண்டனில் வாட்டர்லோ என்று புகழ்பெற்ற ஓர் அச்சகம் இருந்தது. 1924இன் இறுதியில் ஆல்வெஸ் டொஸ் ரெய்ஸ் என்னும் போர்த்துக்கேயர் பொய்க் கடிதங்களையும் பொய் ஒப்பந்தத்தையும் ஆயத்தஞ்செய்து, போர்த்துக்கல் வங்கியே கேட்பது போல 500 எஸ்குடோ நோட்டுகளை அச்சிடச் செய்தார். தகடு உண்மையானது, மை உண்மையானது, தாள் உண்மையானது; உத்தரவு மட்டுமே பொய். 1925 டிசம்பரில் ஒரே இலக்கத்தில் இரண்டு நோட்டுகள் அகப்பட்டபோதுதான் குட்டு வெளியாயிற்று. வழக்கு ஆண்டுக்கணக்காக நடந்தது. 1932இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, அச்சகம் ஆறு இலட்சம் பவுணுக்கு மேல் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. அந்த வாட்டர்லோவின் நாணயத்தாள் தொழிலை 1961இல் டி லா ரூ வாங்கிக்கொண்டது.

மற்றது டி லா ரூவிலேயே நடந்தது. சில வாடிக்கையாளருக்கென்று செய்த கடதாசியின் பரிசோதனைச் சான்றிதழ்களில் ஊழியர் சிலர் வேண்டுமென்றே பொய் எழுதினர் என்று 2010இல் கம்பனியே ஒப்புக்கொண்டது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். ஏறக்குறைய இருநூறு ஆண்டு சேர்த்த பெயருக்கு ஒரு தாளில் எழுதிய சில எண்கள் களங்கம் உண்டாக்கின. சிறு பொய் என்று ஒன்று இல்லை, தம்பிமாரே. கொழுந்து நிறுக்கும் தராசு முதல் கூட்டுறவுக் கடையின் கணக்குப் புத்தகம் வரை இது பொருந்தும்.

ஆனால் தவறு செய்யாத தொழிலாளிக்கும் வாழ்வு நிலையாக இருந்ததில்லை. 1940 டிசம்பரில் செர்மன் குண்டுவீச்சில் லண்டன் பன்ஹில் வீதித் தொழிற்சாலை அழிந்தது. அது போர். பின்னாளில் ஒப்பந்தங்களே குண்டுகளாயின. பிரித்தானியக் கடவுச்சீட்டை அச்சிடும் வேலை 2018இல் வேறு கம்பனிக்குப் போனது. 2020 முதல் அது போலந்து நாட்டில் அச்சாயிற்று. கேட்ஸ்ஹெட் நகரத் தொழிலாளர் தங்கள் நாட்டுக் கடவுச்சீட்டு அந்நிய நாட்டில் அச்சாவதா என்று குரலெழுப்பினர், பயன் கிட்டவில்லை. அங்கே நாணயத்தாள் அச்சிடுவதும் நிறுத்தப்படும் என்று 2020இல் அறிவித்தார்கள். 2023இல் கென்யாவின் நைரோபித் தொழிற்சாலையிலும் வேலை நின்றது. 2025இல் கம்பனியே ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. தோட்டங்கள் கம்பனிக்குக் கம்பனி கைமாறியதைக் கண்ட நமக்கு அந்தத் தொழிலாளரின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இத்தொழில் கால்கொண்டது. இலங்கை அரசும் பங்கு சேர்ந்து, 1980களின் பிற்பகுதியில் டி லா ரூ லங்கா என்னும் கம்பனி பியகமையில் உருவாயிற்று. நாம் கையாண்ட நோட்டுகள் அங்கே இலங்கைத் தொழிலாளரின் கைகளால் அச்சாயின. 2011ஆம் ஆண்டு வரிசையில் வெளிவந்த 1000 ரூபா நோட்டைப் பாருங்கள். அதில் மலைநாட்டு இறம்பொடைச் சுரங்கப்பாதை இருக்கிறது. அந்த நோட்டைப் பிடித்துப் பார்த்தால் நீர்க்குறி தெரியும். விரலால் தடவினால் மேடு தெரியும். இவற்றைப் பார்க்காமல் நோட்டை வாங்கி ஏமாறுவது பெரும்பாலும் எழுத்தறியாத ஏழைகளே. வீட்டுக்கு வீடு இதைச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு தொண்டுதான்.

பெரியோர்களே, கடதாசி என்றதும் உங்கள் நெஞ்சில் வேறு நினைவுகள் எழும் என்பதை நான் அறிவேன். நம் முன்னோர் இந்த மலைக்கு வந்தபோது கழுத்திலே தோட்ட இலக்கம் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. கடன் தீர்ந்ததென்று எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டம் விட்டு மறு தோட்டம் போக முடியாதிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறப்புச் சான்று கேட்டது. லயத்திற் பிறந்தவனுக்குச் சான்று ஏது? 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அண்ணன் கையில் இந்தியக் கடவுச்சீட்டு, தம்பி கையில் இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம். பதுளை இரயில் மேடையில் எத்தனை குடும்பங்கள் பிரிந்தன! எஞ்சியிருந்த நாடற்றவர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவாறு வழி செய்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் மக்களின் விதி அச்சடித்த தாள்களிலேயே எழுதப்பட்டது. அத்தாளை அச்சிட்டவனுக்கு நம்மைத் தெரியாது. நமக்கும் அவனைத் தெரியாது.

ஆகையால் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிப் பதிவில் இன்னொரு பெயர் என்று இருப்பதால், உழைத்த காசைப் பெற முடியாமல் அலையும் முதியோர் நம் தோட்டங்களில் இன்றும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க இளைஞர் நால்வர் லயத்துக்கு லயம் சென்று, அவர்களுடைய பத்திரங்களை வாங்கிப் படித்து, எழுத்துப் பிழைகளைக் குறித்து, திருத்த விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாகாதா? அச்சகத் தொழிலாளி ஒவ்வொரு தாளையும் எண்ணிக் காத்தான். நாம் நம் தாய் தந்தையரின் ஒரு தாளையாவது காக்க வேண்டாமா?

ஆலய மண்டபத்தில் கூடி வணங்குவதோடு இந்தத் தொண்டும் சேருமாயின், அடுத்த ஆண்டு மலரில் சங்கம் எழுதிக்கொள்ளத்தக்க கணக்கு ஒன்று இருக்கும்: இத்தனை வீடுகளுக்குச் சென்றோம், இத்தனை பெயர்களைத் திருத்தினோம் என்பதே அது. வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.