"தூண்டுதல்" என்றால் என்ன?
(அம்பத்தூர் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



"ஒப்பந்தத்தை மீறத் தூண்டினான்" என்று கோர்ட்டில் எழுதுவார்கள். நம் பாஷையில், வேலைநிறுத்தம் செய்யச் சொன்னான் என்பதே அதன் அர்த்தம்!

1853-ல் லண்டனில் ஒரு பாடகிக்காக இரு கொட்டகை முதலாளிகள் மோதிய வழக்கில் நிலைபெற்ற வார்த்தை இது. பிறகு சங்கங்கள் மீது வீசினார்கள். ஆங்கிலத் தொழிலாளர் போராடி 1906-ல் சட்டவிலக்குப் பெற்றனர்.

இங்கே? 1920-ல் பின்னி கம்பெனி சென்னை ஹைகோர்ட்டில் தடையுத்தரவு வாங்கி, சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர் வாடியாவின் வாயைக் கட்டியது. லண்டனில் முனைமழுங்கிய ஆயுதம் பெரம்பூரில் பாய்ந்தது! 1926-ன் தொழிற்சங்கச் சட்டம்தான் பதிவு பெற்ற சங்கங்களுக்கு அந்த விலக்கைத் தந்தது.

ஆலையானாலும் கழனியானாலும் வார்த்தைக்கு அஞ்சோம், அர்த்தம் கேட்போம். தனி ஆளுக்குக் கவசமில்லை; சங்கமே கவசம். சங்கத்தில் திரள்வோம்!