வாயைத் திறக்கக் கூச்சப்படாதீர்கள்

(சிதம்பரத்தில் இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'உடல்நலமும் சாதியும்' என்று தலைப்புக் கொடுத்து என்னை அழைத்தீர்கள். மலக்குழி மரணங்களைப் பற்றியோ, கடலூர் சிப்காட்டின் இரசாயனக் காற்றைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஒரு பல் மருத்துவர். எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன். இன்று நான் பேசப்போவது ஈறு நோய் பற்றி.

முதலில் ஒரு கேள்வி. இன்று காலை பல் துலக்கியபோது எச்சிலோடு இரத்தம் வந்தவர்கள் கை தூக்குங்கள்.

மூன்று பேர் தூக்கியிருக்கிறீர்கள். ஐந்தாறு பேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்கள். காய்ச்சல் என்றால் கூச்சமில்லாமல் சொல்லியிருப்பீர்கள். வாய் என்றதும் ஏன் தயக்கம்? இந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். நடவுக்கும் கரும்பு வெட்டவும் போகிறவர். வயது நாற்பத்தாறு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்தார். திறக்கச் சொன்னேன். "நாறும் பாப்பா, நீ தள்ளி நின்னு பாரு" என்றார். கீழ் முன்பற்கள் நான்கும் ஆடின. ஈறு இறங்கி வேர் தெரிந்தது. ஆனால் ஒரு பல்லில்கூடச் சொத்தை இல்லை. "எல்லாத்தையும் புடுங்கிடு பாப்பா, வயசாயிடுச்சுல்ல" என்றார்.

வயது ஆனால் பல் விழும் என்று நாம் நம்புகிறோம். அது உண்மையல்ல. ஈறைக் காப்பாற்றினால் எழுபது வயதிலும் பல் நிற்கும். அந்த அம்மாவின் பல்லை ஆட்டியது வயது இல்லை, நோய்.

அந்த நோய் எப்படி வருகிறது? நாம் சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்லின் மேல் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. துலக்கினால் போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலில் உள்ள தாது உப்புகள் அதில் இறங்கிச் சில நாட்களில் அது கல்லாக இறுகிவிடும். அதைத்தான் காரை என்கிறோம். காரையை பிரஷ்ஷால் எடுக்க முடியாது. அதன் மேல் இன்னும் கிருமி சேரும். ஈறு வீங்கும், சிவக்கும், இரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் காரையைச் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதைத் தாண்டினால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை போலப் பள்ளம் விழுந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது. நோய் வளர்வதை நிறுத்தத்தான் முடியும்.

இத்தனையும் பெரும்பாலும் வலியில்லாமல் நடக்கிறது. வலித்தால் யாரும் ஓடி வருவார்கள். வலிக்காததால் பல் ஆடும்வரை வருவதில்லை.

இது அந்த அம்மா ஒருவருடைய கதை இல்லை. 2002-03இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நடத்திய தேசிய வாய்நல ஆய்வில், 35 முதல் 44 வயதுள்ளவர்களில் 89.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் ஈறு நோய் இருந்தது. இரத்தக் கசிவு, காரை போன்ற தொடக்க நிலைகளையும் சேர்த்த கணக்கு இது. 12 வயதுப் பிள்ளைகளிலேயே 57 விழுக்காடு. உலகில் சுமார் நூறு கோடிப் பேருக்குக் கடுமையான ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கும் ஒன்றைத் தனிமனிதரின் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியுமா?

ஆனால் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் படித்த கல்லூரியில் ஒருமுறை, புறநகர்ச் சேரியிலிருந்து வந்த நோயாளி ஒருவரின் வாயைப் பார்த்துவிட்டு மூத்த மருத்துவர் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "இவங்க வாயெல்லாம் இப்படித்தான் இருக்கும்." அந்த 'இவங்க' யார் என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த 'இவங்க'ளில் நானும் ஒருத்தி என்பது அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. ஊடுகதிர்ப் படத்தைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த மௌனம் எனக்கு உறுத்துகிறது. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அந்த அம்மாவின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். நடவுக் காலத்தில் விடிவதற்கு முன்பே எழ வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தை வைக்க வேண்டும். அதற்குள் கிடைத்ததை வைத்துப் பல் துலக்க வேண்டும். பல ஆண்டுகள் அது சாம்பலும் செங்கல் பொடியும்தான். அவை பல்லைத் தேய்க்கும், ஈறைக் கிழிக்கும். பசி தெரியாமல், குனிந்த முதுகு வலி தெரியாமல் வேலை செய்ய வெற்றிலை பாக்கோடு புகையிலை. அதை அடக்கி வைக்கும் இடத்தில் ஈறு இறங்கும், வாய்ப் புற்றுநோய்க்கும் வழி திறக்கும். பீடி இன்னொரு வகையில் ஏமாற்றும். ஈறின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இரத்தக் கசிவு என்ற எச்சரிக்கையையே மறைத்துவிடும். நாற்பது வயதில் சர்க்கரை நோய் சேரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகும். இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போடும்.

இதில் அவருடைய 'சுத்தமின்மை' எங்கே இருக்கிறது? தண்ணீர், கூலி, வேலை நேரம், பசி எல்லாம் இருக்கின்றன. இவை எந்தத் தெருவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை இந்த நாட்டில் சாதி முடிவு செய்கிறது.

மருத்துவம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அண்ணாமலை நகரில் 1980இலிருந்து பல் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் அங்கே வருகிறார்கள். ஆனால் ஈறு சிகிச்சை ஒருமுறை வந்து முடிவதில்லை. காரை எடுக்க ஒரு நாள், பள்ளங்களைச் சுத்தம் செய்ய ஒன்றிரண்டு நாள், ஆறிவிட்டதா என்று பார்க்க ஒரு நாள், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை. சிகிச்சை இலவசமாகவே இருந்தாலும் ஒவ்வொரு நாளும் கூலி போகும், பேருந்துக் கட்டணம் போகும், கூட வருகிறவரின் கூலியும் போகும். பல்லைப் பிடுங்குவது ஒரே நாளில் முடியும். அதனால் வசதியுள்ளவர் பல்லைக் காப்பாற்றிக்கொள்கிறார், கூலிக்காரர் பிடுங்கிக்கொள்கிறார். "எல்லாத்தையும் புடுங்கிடு பாப்பா" என்று அந்த அம்மா சொன்னது அறியாமையால் அல்ல. அது அவர் போட்ட சரியான கணக்கு.

வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் இதற்கு ஒரு விதியே எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பதே அந்த விதி. மருத்துவம் சந்தையின் கையில் போகப் போக இது கடுமையாகும் என்றும் சொன்னார். நம் ஊரில் அந்த விதிக்குச் சாதியும் பலம் சேர்க்கிறது.

பல் மருத்துவத்தில் அது எப்படி என்று சொல்கிறேன். எங்கள் தொழில் எச்சிலில் கை வைக்கும் தொழில். சாதி எதை அதிகம் அஞ்சுகிறது? எச்சிலைத்தான். பேஷ்வா ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதவர்கள் தங்கள் எச்சில் மண்ணில் விழாதபடி கழுத்தில் மண்சட்டியைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துக் காட்டினார். தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும் எச்சிலைப் பற்றியதுதான். நம் காட்டுமன்னார்கோயில் மண்ணின் எல். இளையபெருமாள் தலைமையிலான குழு 1969இல் தந்த அறிக்கை, சட்டம் தடை செய்த தீண்டாமை நாடெங்கும் உயிரோடு இருப்பதை எழுதி வைத்தது. தலைமுறை தலைமுறையாக 'உன் வாய் தீட்டு' என்று சொல்லப்பட்ட ஒருவர், மருத்துவரிடம் எப்படிக் கூச்சமில்லாமல் வாயைத் திறப்பார்? அந்த அம்மா வாயை மூடியது ஒரு முந்தானையால் மட்டும் இல்லை.

இந்த ஊரில்தான் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 'இவர்களுக்குப் படிப்பு ஏறாது' என்று சாதி சொன்னது. குறை பிள்ளைகளிடம் இல்லை, பள்ளி இல்லாததுதான் குறை என்று அவர் செயலில் காட்டினார். 'இவங்க வாயெல்லாம் இப்படித்தான்' என்பதற்கும் அதே பதில்தான். குறை வாயில் இல்லை.

போராடினால் மாறும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. பல்கலைக்கழகத்தை அரசு 2013இல் தன் கட்டுப்பாட்டில் எடுத்த பிறகும், இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5.44 லட்சம் ரூபாயாக இருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் 13,610 ரூபாய். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், வாரக்கணக்கில் நின்றார்கள். 2021 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் சுகாதாரத் துறையின் கீழ் வந்தன. அரசுக் கட்டணமே இங்கும் என்று அறிவிப்பு வந்தது. நம் தெருப் பிள்ளைகள் மருத்துவர் ஆவதற்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்ததாக நாம் கேட்க வேண்டியது, அந்த மருத்துவம் தெருவுக்கு வர வேண்டும் என்பது.

மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம். சர்க்கரை பார்க்கிறவர் ஈறையும் பார்க்க வேண்டும். 'இரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, வாயில் ஆறாத புண் இருக்கிறதா' என்று மூன்று கேள்விகள் கேட்டு, தேவைப்பட்டவரை அனுப்பி வைக்க வேண்டும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக இது சர்க்கரை சிகிச்சையின் பகுதியும்தான்.

இரண்டு, காரை எடுக்க எல்லா இடத்திலும் மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. அதற்கென்றே பயிற்சி பெற்ற பல் சுகாதாரப் பணியாளர்களை 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே அங்கீகரித்தது. நியூசிலாந்து 1921இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பல் செவிலியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இப்படி ஒருவரை நியமிக்க வேண்டும். கூலி போகாத மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சிகிச்சை கிடைக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களுக்கும், கடலூர் முதுநகரில் கரை திரும்பும் மீனவர்களுக்கும், கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் குடியிருப்புகளுக்கும் நடமாடும் ஊர்தி போக வேண்டும். பல் பிடுங்கும் முகாமாக அது முடிந்துவிடக் கூடாது. காரை எடுக்கும் கருவியோடு போக வேண்டும், சொன்ன தேதியில் திரும்பவும் வர வேண்டும்.

மூன்று, பள்ளி. அரசுப் பள்ளிகளில் காலை உணவு தருகிறோம். சாப்பிட்டதும் பிள்ளைகள் வரிசையாக நின்று பல் துலக்க ஒரு குழாயும் பிரஷ்ஷும் பற்பசையும் கொடுப்பது பெரிய செலவில்லை. 2025 செப்டம்பர் வரை பற்பசைக்கும் பிரஷ்ஷுக்கும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வாங்கிய நாடு இது. இப்போது 5 விழுக்காடு. வாங்கிய வரியில் கொஞ்சம் பள்ளிக் குழாயடிக்கு வரட்டும்.

அரசிடம் கேட்பதோடு, நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் ஈறும் பல்லும் சேரும் இடத்தில் இரண்டு வேளையும் துலக்குங்கள். காரை எடுத்தால் பல் ஆடும் என்பது பொய். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்பதும் பொய். புகையிலையை விட முடியாமல் தவிக்கிறவரைத் திட்டாதீர்கள், விடுவதற்கு உதவுங்கள்.

அந்த அம்மாவுக்கு முன்பற்கள் நான்கையும் எடுக்க வேண்டியதாயிற்று. மற்ற பற்களைக் காப்பாற்ற நான்கு முறை வரச் சொன்னேன். இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறை அறுவடை வந்துவிட்டது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். கடைசியாக வந்தபோது அவர் என்னிடம் முன்பைவிடக் குறைவாகவே பேசினார்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், ஆயாவிடம், "ஈறுல ரத்தம் வருதா?" என்று கேளுங்கள். கூச்சப்படுவார்கள். முதலில் உங்கள் வாயைத் திறந்து காட்டுங்கள். பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். அங்கே யாராவது 'இவங்க வாயெல்லாம்' என்று தொடங்கினால், நான் அன்று இருந்ததைப் போல இருந்துவிடாதீர்கள்.