ஒருவர் பார்வையில் எத்தனை பிள்ளைகள்?



அன்று தோட்டத்தில் ஆயாக் கொட்டகை. இன்று அடுக்குமாடி வீடு, தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பிள்ளையை எங்கே விடுகிறோம்? கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர். ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து பேருக்கு ஒருவர். மலேசிய விதி இதுதான். ஏன்? அழும்போது தூக்கவும் பேச்சுக் கொடுக்கவும் ஆள் வேண்டும். தொலைக்காட்சி பதில் பேசாது. பதில் பேசுபவரிடம்தான் பிள்ளை பேசப் பழகும்.

1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பராமரிப்பு மையம் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஒருநாள் சொல்லாமல் போய்த் தலைகளை எண்ணுங்கள். கூலிக்காரன் பிள்ளைக்கும் இதே சட்டம்தான். கேட்பது நம் உரிமை!