படைத்தவன் யார்? பெயர் போட்டுக்கொண்டவன் யார்?



இன்றைய தினம் நான் பேசப்போகும் விஷயம் சித்திரக்கதை. அதாவது காமிக்ஸ் புத்தகங்களை உண்டாக்கினவர்களைப் பற்றியும், அவர்களிடம் போய் உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதிவைத்தவர்களைப் பற்றியுமாகும். விளம்பர நோட்டீசைப் பார்த்துவிட்டுச் சில தோழர்கள், "இது பிள்ளைகள் சமாசாரமாயிற்றே, இதற்கொரு கூட்டமா?" என்று கேட்டார்கள். பத்துப் பண்டிதர்கள் படிக்கும் புத்தகத்தைப் பற்றி ஆயிரம் ஆராய்ச்சி நடக்கிறது. பத்து லட்சம் பேர் படிக்கும் புத்தகத்தைப் பற்றி ஒருவரும் பேசக்கூடாதென்றால் அதற்கென்ன நியாயம்? ஜனங்கள் எதைப் படிக்கிறார்களோ அதுதான் அவர்கள் புத்தியை உருவாக்குகிறது. ஆகையால் அதை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், யார் லாபமடைந்தார்கள் என்று விசாரிக்க வேண்டியது அவசியமேயாகும்.

நான் பண்டிதனல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு வாசிக்கும் ருசியை உண்டாக்கினதே சித்திரக்கதைதான். 1972இல் முத்து காமிக்ஸ் தமிழில் முதன் முதல் வெளியிட்ட கதை இரும்புக்கை மாயாவி. நான் சிறுவனாயிருந்தபோது அதன் கிழிந்த பிரதியொன்று எங்கள் தெருவில் கைமாறிக் கைமாறி வந்தது. அது 1962இல் இங்கிலாந்தில் வேலியண்ட் என்ற பத்திரிகையில் வந்த கதையென்றும், படம் போட்டவர் ஸ்பெயின் தேசத்து ஹெசூஸ் பிளாஸ்கோ என்றும் முப்பது வயதிற்குமேல்தான் எனக்குத் தெரிந்தது. அன்று யார் வரைந்ததென்று நாங்கள் கேட்கவுமில்லை, சொல்லுவாருமில்லை. இங்கிலீஷ் பத்திரிகைகளிலேயே அக்காலத்தில் வரைந்தவன் பெயரைப் போடும் வழக்கம் அநேகமாய்க் கிடையாது. மாயாவி கண்ணுக்குத் தெரியாமற் போனது கதையில். அவனை வரைந்தவன் கண்ணுக்குத் தெரியாமற் போனதோ நிஜத்தில்!

கேட்கத் துணிந்தவர்கள்

அமெரிக்காவில் ரே பிரௌன் என்ற ஒரு பேராசிரியர், ஜனங்கள் படிப்பதும் பார்ப்பதும் பாடுவதும் கூட ஆராய்ச்சிக்குரியவைதான் என்று சொல்லி 1967இல் அதற்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். 1973இல் பௌலிங் கிரீன் சர்வகலாசாலையில் அதற்கென ஒரு தனி இலாகாவே ஏற்பட்டது. மிஸிஸிப்பி சர்வகலாசாலைப் பதிப்பகம், சித்திரக்கதைக்காரர்களின் சம்பாஷணைகளைத் தொகுத்து வரிசையாய்ப் புத்தகம் போட்டுவருகிறது. 2000இல் தாமஸ் இஞ்ச் என்ற பேராசிரியர் பதிப்பித்த சார்லஸ் ஷுல்ஸின் சம்பாஷணைகள் அந்த வரிசையில் வந்ததுதான். இவர்களுக்கு முன்னாலேயே, பட்டமும் பதவியும் இல்லாத வாசகர்கள் கைப்பத்திரிகை நடத்திப் படைப்பாளிகளிடம் கேள்வி கேட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

என்ன கேட்டார்கள்? "ஐயா, ஒரு பக்கத்திற்கு என்ன கூலி கொடுத்தார்கள்? கதை யார் சொன்னது? பென்சில் யார், மை யார்? என்ன கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள்?" இவ்வளவுதான். சாதாரணக் கேள்விகள்தான். ஆனால் இந்தச் சாதாரணக் கேள்விகளால்தான் பெரிய பெரிய புளுகுகளெல்லாம் வெளியாயின.

130 டாலர் கதை

சூப்பர்மேன் என்ற வீரனை உண்டாக்கினவர்கள் கிளீவ்லண்டு நகரத்தில் வளர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு ஏழை வாலிபர்கள். 1938இல் பக்கத்திற்கு 10 டாலர் வீதம் 13 பக்கத்திற்கு 130 டாலர் வாங்கிக்கொண்டு, அந்த வீரனின் சகல உரிமையையும் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அப்புறம் சில வருஷகாலம் பக்கக் கூலி நன்றாய் வந்தது வாஸ்தவந்தான். ஆனால் 1947இல் உரிமை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். கொஞ்சம் பணத்தோடு வழக்கு ராஜியாயிற்று, வேலையும் போயிற்று, கதையின் தலைப்பிலிருந்து பெயரும் போயிற்று.

1975இல் சூப்பர்மேன் சினிமா எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, சீகல் ஒரு குமாஸ்தா. ஷுஸ்டருக்குக் கண் பார்வை அநேகமாய்ப் போய்விட்டது. அப்போதுதான் சீகல் தன் கதையை ஒளிக்காமல் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற சக ஓவியர்கள் கூடக் கிளம்பினார்கள். நாடு முழுதும் கேட்ட பிறகு முதலாளிகளுக்கு வெட்கம் வந்து, ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், கதையில் பெயரும் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

இன்னும் கேளுங்கள். அந்த 130 டாலர் அடங்கிய பழைய செக்குக் காகிதம் 2012இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போயிற்று. அந்த முதல் புத்தகத்தின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்குப் போயிற்று. உண்டாக்கினவன் சோற்றுக்குத் திண்டாடுவது; அவன் தொட்ட காகிதத்திற்கு மாத்திரம் மரியாதை! இதில் ஆச்சரியமென்ன? உயிரோடிருக்கையில் உதைப்பதும் செத்த பிறகு சிலை வைப்பதும் உலக வழக்கந்தானே!

செத்தவனுக்குக் கிடைத்த பெயர்

நிற்க, பேட்மேன் விஷயத்திற்கு வருவோம். 1939இல் வெளிவந்த இந்த வீரனை உண்டாக்கியவர் பாப் கேன் ஒருவரே என்று 76 வருஷகாலம் எழுதப்பட்டு வந்தது. ஒப்பந்தம் அப்படி. ஆனால் பில் ஃபிங்கர் என்பவர்தான் முதற்கதையை எழுதியவர். கேன் முதலில் வரைந்த உருவத்திற்குச் சிவப்பு உடையும் விறைத்த சிறகும் இருந்தன. அவற்றை மாற்றிக் கறுத்த முகமூடியும் போர்வையும் போடச் சொன்னவர் இந்த ஃபிங்கர். புரூஸ் வேன் என்ற பெயரும் கோதம் என்ற நகரப் பெயரும் அவர் வைத்தவையே.

இது எப்படி வெளிவந்தது? அசரீரியா சொல்லிற்று? இல்லை. 1965இல் டெட்ராய்ட் நகரத்து ஆசிரியர் ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற வாசகர் ஃபிங்கரையே நேரில் கண்டு கேட்டு, தம் கைப்பத்திரிகைக் கட்டுரையில் எழுதினார். கேன் கோபங்கொண்டு, எல்லாம் நானே என்று மறுத்துக் கடிதம் எழுதினார். ஃபிங்கர் 1974இல் இறந்துபோனார். கேன் 1989இல் தம் சுயசரிதத்தில், ஃபிங்கருக்குச் சேரவேண்டிய பெருமை சேரவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு என்ன பயன்? கேட்க வேண்டியவன் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது!

அதோடு விட்டுவிடாமல், குழந்தைப் புத்தகம் எழுதும் மார்க் டைலர் நோபில்மன் என்பவர் வருஷக்கணக்காய்த் தேடினார். வாரிசில்லை என்று பலரும் எண்ணியிருந்த ஃபிங்கருக்கு ஒரு பேத்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். 2012இல் புத்தகம் போட்டார். அதன் பேரில் 2015இல் கம்பெனியார் ஃபிங்கர் பெயரையும் சேர்த்துப் போடச் சம்மதித்தார்கள். 1965இல் ஒருவர் கேட்டு எழுதிவைக்காமலிருந்தால் இந்த நியாயத்திற்கு ஆதாரம் எங்கே இருந்திருக்கும்?

கேட்டும் கெடுத்தவர்

கேள்வி கேட்டால் மாத்திரம் போதுமா? போதாது. பதிலை யோக்கியமாய் எழுதவும் வேண்டும். ஃபிரெட்ரிக் வெர்த்தம் என்ற மனோதத்துவ டாக்டர் நல்லவர். நியூயார்க் ஹார்லம் பகுதியில் கறுப்பு மக்களுக்காக 1946இல் குறைந்த கட்டணத்தில் வைத்தியசாலை நடத்தினவர். பள்ளிக்கூடங்களில் நிற வேற்றுமை கூடாதென்று சாட்சி சொன்னவர். ஆனால் 1954இல் அவர் எழுதிய புத்தகம், காமிக்ஸ் படிப்பதால் பிள்ளைகள் குற்றவாளிகளாகிறார்கள் என்று சொல்லிற்று. தம்மிடம் வந்த பிள்ளைகளின் வாய்மொழியே சாட்சி என்றார். அதே வருஷம் செனட் கமிட்டி விசாரித்தது. பதிப்பாளர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கைச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். அநேக பத்திரிகைகள் மூடப்பட்டன. அநேகர் பிழைப்புப் போயிற்று.

வெர்த்தத்தின் குறிப்புக் காகிதங்கள் 2010இல்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கேரல் டில்லி என்ற பேராசிரியை அவற்றைப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தார். 2012இல் முடிவை வெளியிட்டார். இரண்டு பேர் சொன்னதை ஒருவர் சொன்னதாய்ச் சேர்த்திருக்கிறார். பிறர் பார்த்த பிள்ளையைத் தாம் பார்த்ததாய் எழுதியிருக்கிறார். 13 வயதுப் பெண்ணொருத்தி கெட்டதற்குக் காமிக்ஸைக் காரணங்காட்டி, அவள் ஒரு கும்பலில் சேர்ந்திருந்ததையும் வீட்டை விட்டு ஓடியதையும் விட்டுவிட்டிருக்கிறார். நல்ல நோக்கமுள்ளவர் செய்தார் என்பதால் பொய் மெய்யாகிவிடுமா? நம்மவர் சொன்னாலும் ஆதாரம் கேட்கத்தான் வேண்டும்.

ஒரு வேர்வைத் துளி

இந்தத் தணிக்கையின் லட்சணத்திற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறேன். 1953இல் ஆல் ஃபெல்ட்ஸ்டைன் எழுத, ஜோ ஒர்லாண்டோ வரைந்த "தீர்ப்பு நாள்" என்ற கதை. ஒரு கிரகத்தில் இயந்திர மனிதர்கள் வாழுகிறார்கள். சிலருக்கு மேல்தகடு ஆரஞ்சு நிறம், சிலருக்கு நீலம். உள்ளே எல்லாம் ஒரே இயந்திரந்தான். ஆனால் நீலத்திற்குத் தனிச் சேரி, தனி இடம், தாழ்ந்த வேலை. (தோழர்களே, சிரிக்கிறீர்கள். நான் நம் ஊரைச் சொல்லவில்லை, கதையைத்தான் சொல்லுகிறேன்!) பூமியிலிருந்து பரிசோதிக்க வந்தவன், "உங்களுக்கு எங்கள் குடியரசில் சேர யோக்கியதை இன்னும் வரவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்புகிறான். கடைசிப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். அவன் ஒரு கறுப்பு மனிதன். முகத்தில் வேர்வைத் துளிகள் மின்னுகின்றன.

1956ஆம் வருஷ இதழுக்காக இதை மறுபடி அச்சிடப்போனபோது, தணிக்கைத் தலைவராயிருந்த சார்லஸ் மர்ஃபி என்ற ஜட்ஜு, அவன் கறுப்பனாயிருக்கக் கூடாதென்றார். கதையின் பொருளே அதுதானே என்றார்கள். பிறகு வேர்வைத் துளியையாவது எடு என்றார். ஃபெல்ட்ஸ்டைனும் முதலாளி கெய்ன்ஸும் முடியாதென்று மறுத்து, ஒரு புள்ளியும் மாற்றாமல் அச்சிட்டார்கள். அந்தக் கம்பெனியின் கடைசிக் காமிக்ஸ் புத்தகம் அதுவே. தணிக்கை அறையில் நடந்த இந்தச் சங்கதி நமக்குக் கிடைத்தது அந்தப் படைப்பாளிகள் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னதால்தான். அந்தச் சட்டமோ 2011 வரை உயிரோடிருந்து, கேட்பாரற்றுச் செத்தது.

முடிவாக

படைத்தவன் சொல்லும் வேதவாக்கல்ல. ஜாக் கிர்பி என்ற பெரிய ஓவியர் 1990இல் வெளியான பேட்டியில், மார்வெல் வீரர்களை உண்டாக்கினவன் நானே என்றார். ஸ்டான் லீ கற்பனை தன்னுடையதென்றார். இருவருக்கும் வயதாகி, ஞாபகமும் வருத்தமும் கலந்துபோன காலம். ஆகவே வாய்ச்சொல்லைப் பழைய காகிதத்தோடும், காகிதத்தைப் பிறர் சொல்லோடும் ஒத்துப்பார்ப்பதே அறிவுடைமை. கேட்பது, உள்ளபடி எழுதுவது, பிறர் சரிபார்க்க வைத்துவிட்டுப் போவது: மூன்றும் வேண்டும்.

தோழர்களே! நம் ஊரிலும் சினிமா பானர் வரைந்தவர்கள், அட்டைப்படம் போட்டவர்கள், பெயரில்லாமல் கதை எழுதிக்கொடுத்தவர்கள், எழுத்துக் கோத்தவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு வயது எழுபது, எண்பது. நாளைக்கு இரங்கல் கூட்டம் போடுவதைவிட, இன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் திண்ணையில் உட்காருங்கள். "என்ன கூலி வாங்கினீர்கள்? எவன் பெயரைப் போட்டான்?" என்று கேளுங்கள். நான் சொன்னவற்றையும் அப்படியே நம்பவேண்டாம். விசாரித்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.