பழைய வேலை வாகனம் வாங்குமுன்: பழுதுகளும் பழுதுபார்ப்புச் செலவுகளும்

(நகரசபை நூலக மண்டபத்தில் தமிழ்பேசும் குடியிருப்பாளர்களுக்காக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிட்னியின் மேற்குப் புறநகர்களில் தோட்டப் பராமரிப்பு, வர்ணப்பூச்சு, ஓடு பதித்தல், பொதி விநியோகம் ஆகிய தொழில்களில் தமிழர் பலர் ஈடுபட்டுள்ளனர். இத்தொழில்கள் அனைத்துக்கும் முதல் மூலதனம் ஒரு யூட் அல்லது சிறிய வேன் ஆகும். அது ஓடாத நாளில் வருமானமும் இல்லை. எனவே பழைய வாகனம் ஒன்றின் உண்மையான விலை விளம்பரத்தில் உள்ள தொகையன்று. வாங்கிய முதலாண்டில் அது கேட்கப்போகும் செலவையும் சேர்த்தே அதனைக் கணிக்க வேண்டும்.

முதலில் இயந்திரம். 2005 முதல் 2015 வரை விற்பனையான டொயோட்டா ஹைலக்ஸ் 3 லீற்றர் டீசல் வாகனங்களில் இன்ஜெக்டர்களின் அடியிலுள்ள செப்பு வளையங்கள் கசிவது அறியப்பட்ட குறையாகும். கசியும் வாயு இயந்திர எண்ணெயைக் கரியாக்குகிறது. அக்கரி எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்தால் இயந்திரமே அழியக்கூடும். நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றப் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 டொலர் வரை செலவாகும். காலையில் குளிர்ந்த நிலையில் இயக்கும்போது கேட்கும் தட்டல் ஓசை இதற்கொரு முன்னறிகுறி. விற்பவர் இயந்திரத்தை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலையில் வந்து பார்ப்பதே அறிவுடைமை.

அதே இயந்திரத்தின் டைமிங் பெல்ட்டை 150,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்குரிய செலவு 800 முதல் 1,500 டொலர். மாற்றாமல் விட்டுப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் சேதமுற்று, செலவு பன்மடங்காகும். ‘மாற்றியாயிற்று’ என்ற வாய்ச்சொல் போதாது. கராஜ் தந்த பற்றுச்சீட்டு வேண்டும். பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி உள்ள வாகனங்களும் கவலையற்றவையல்ல. நிசான் நவாராவின் பழைய 2.5 லீற்றர் டீசல் வாகனங்களில் அச்சங்கிலி தேய்வது பலரும் அறிந்ததே.

அடுத்தது டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி. அண்மைக்கால டீசல் வாகனங்கள் பெரும்பாலானவற்றில் இது உண்டு. சேர்ந்த கரியை எரித்து நீக்க இதற்கு நெடுஞ்சாலை ஓட்டத்தின் வெப்பம் தேவை. பாடசாலைக்கும் கடைக்கும் பக்கத்து வேலைத்தலத்துக்கும் மட்டும் குறுந்தூரம் ஓடும் வாகனத்தில் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சில நூறு டொலர் போதும். புதிதாக மாற்றப் பல ஆயிரம் தேவைப்படும். 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்பனையான சில டொயோட்டா டீசல் வாகனங்களின் வடிகட்டி அமைப்பில் குறைபாடு இருந்ததாக அவுஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. அக்காலத்து வாகனம் வாங்குபவர் அதற்கான திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது சட்டவிரோதமாகும்.

மூன்றாவது, சுமை தாங்கும் உறுப்புகள். இழுவைக் கொக்கி தேய்ந்திருந்தால் அவ்வாகனம் பாரமான ட்ரெயிலரை நெடுங்காலம் இழுத்திருக்கிறது எனக் கொள்ளலாம். அத்தகைய வாகனத்தில் கிளட்ச் விரைவில் தேயும்; மாற்றுச் செலவு 1,200 முதல் 2,500 டொலர். பின்புற வில்தகடுகள் தட்டையாகிப் பின்பகுதி தாழ்ந்திருப்பது அதிக பாரம் ஏற்றியதன் அடையாளம். முன்புற பிரேக் தட்டுகளும் பட்டைகளும் மாற்ற 400 முதல் 700 டொலர் வரை ஆகும். இவை அனைத்தும் ஏறத்தாழவான தொகைகளே. கராஜுக்குக் கராஜ் மாறுபடும்.

இங்கு ஒரு தவறான நம்பிக்கையைச் சுட்டிக்காட்டுதல் அவசியம். ‘பிங்க் ஸ்லிப் இருக்கிறது, ஆகவே வாகனம் நல்லது’ என்று பலர் எண்ணுகின்றனர். அச்சோதனை பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், இருக்கைப்பட்டி முதலிய பாதுகாப்பு அம்சங்களையே பார்க்கிறது. இயந்திரத்தின் உட்புறம், கியர்பெட்டி, டர்போ ஆகியவற்றின் ஆயுளைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. அதற்கு, விற்பவருடன் தொடர்பற்ற மெக்கானிக் ஒருவரின் தனிச் சோதனை வேண்டும். 200 முதல் 400 டொலர் வரையான அக்கட்டணம், ஓர் இன்ஜெக்டரின் விலையைவிடக் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு. தொழில் தொடங்க 18,000 டொலர் சேமித்தவர் ஒருவர் அம்முழுத் தொகையையும் வாகனத்துக்கே கொடுத்துவிட்டார் எனக் கொள்க. மூன்றாம் மாதத்தில் இன்ஜெக்டர் பழுதானால் கையில் பணமில்லை, வேலையும் நின்றுவிடும், கடன் அட்டையே கதியாகும். மாறாக, அவர் 14,000 டொலர் வாகனத்தைத் தெரிந்தால் முத்திரை வரி 420, தனிச் சோதனை 300, டைமிங் பெல்ட் 1,200 போக 2,080 டொலர் எஞ்சும். காப்புறுதியும் முதற் பழுதும் அதிலிருந்தே வரவேண்டும். ஆகவே 14,000 என்பதும் அவருக்கு உச்சவரம்பே.

பணம் கொடுக்குமுன் பிபிஎஸ்ஆர் பதிவேட்டை 2 டொலர் செலுத்தி இணையத்தில் பார்க்கலாம். வாகனத்தின்மீது முந்தைய உரிமையாளரின் கடன் பாக்கி உள்ளதா, அது களவுபோனதாகப் பதிவாகியுள்ளதா என்பன அதில் தெரியும். கடன் பாக்கியுள்ள வாகனத்தை, வாங்கியவரிடமிருந்தே நிதி நிறுவனம் பறிமுதல் செய்யக்கூடும். வாங்கிய 14 நாட்களுக்குள் பதிவைத் தம் பெயருக்கு மாற்றுதலும் வேண்டும்.

வியாபாரியிடம் வாங்கியவருக்கு, வாகனம் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற சட்ட உத்தரவாதம் உண்டு. தனியாரிடம் வாங்கியவருக்கு அவ்வுத்தரவாதம் இல்லை. அங்கே சோதனையே காப்பு. வியாபாரியுடன் பிணக்கு ஏற்பட்டால் ஃபெயார் ட்ரேடிங் என்னும் மாநில நுகர்வோர் அலுவலகத்தை 13 32 20 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, ‘தமிழ்’ என்று கூறினால் போதும்.

விற்பவர் அவசரப்படுத்தலாம், இன்றே வேறொருவர் வருகிறார் எனலாம். சோதனைக்கு இடந்தராத வாகனத்தை வாங்காமல் திரும்புபவர் இழப்பது ஒரு நாள் மட்டுமே. அவசரத்தில் வாங்குபவர் இழப்பதோ ஆண்டுகள் பல உழைத்துச் சேர்த்த முதலாகும்.