பிறந்த நேரமும் வினாத்தாளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஒருவருடைய குணத்தை மற்றொருவர் எவ்வாறு அறிவது? நம் மக்களுக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. நம்மைக் கேளாமலே நம் குணம் இன்னதென்று பிறர் எழுதி வைத்த நாடு இது. 1871ஆம் ஆண்டில் ஆங்கில அரசு குற்றப் பரம்பரையினர் சட்டத்தை இயற்றிற்று. நம்மைப் போன்ற எளிய குடிகள் பல அச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இன்ன குடியிற் பிறந்தவன் இன்ன இயல்பினன் என்பதே அதன் அடிப்படை. அச்சட்டம் நாடு முழுவதும் நீங்குவதற்கு 1952 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே, பிறப்பைக் கொண்டோ வேறொன்றைக் கொண்டோ ஒருவருடைய இயல்பைக் கூறுவதாக யார் முன்வந்தாலும், "உமது சான்று யாது?" என்று கேட்கும் உரிமை பிறரைவிட நமக்கு மிகுதி.

இன்று நம் இளைஞர்கள் முன்பு இருவர் இவ்வாறு வந்து நிற்கின்றனர். ஒருவர், திருமணப் பேச்சின்போது வரும் சோதிடர். மற்றொருவர், வேலைக்கு விண்ணப்பித்தால் ஆளுமைத் தேர்வு என்னும் வினாத்தாளை நீட்டும் நிறுவன அதிகாரி. முன்னது மூடநம்பிக்கை, பின்னது விஞ்ஞானம் என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். இரண்டும் ஒன்றே என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளையும் நாம் ஆராயாமல் ஏற்பதற்கில்லை.

முதலில், "எனக்கு அப்படியே பொருந்துகிறதே!" என்னும் வியப்பை எடுத்துக்கொள்வோம். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணநலன் பற்றிய குறிப்பு என்று ஒரு தாளைக் கொடுத்து, அஃது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரியாக 4.26 மதிப்பெண் கிடைத்தது. பிறகு பார்த்தால், அனைவருக்கும் கொடுத்த தாள் ஒன்றே! அதிலிருந்த வாசகங்களிற் பெரும்பாலானவை பத்திரிகைக் கடையில் வாங்கிய ஒரு சோதிட நூலிலிருந்து எடுத்தவை. பிறர் தம்மை மதிக்க வேண்டும் என்னும் அவா, வெளியே அமைதியும் உள்ளே கலக்கமும், இன்னும் வெளிப்படாத திறமை ஆகிய இவையெல்லாம் யாருக்குத்தான் பொருந்தா? நம் தெருவில் வரும் குடுகுடுப்பைக்காரருக்கு இவ்வுண்மை ஃபோரருக்கு முன்பே தெரியும்.

ஆகவே, மனத்துக்குப் பொருந்துதல் சான்று ஆகாது. வேறு சான்று தேட வேண்டும். அவ்வாறு தேடிய சோதனைகளில் இரண்டைக் குறிப்பிடலாம். 1985இல் ஷான் கார்ல்சன் என்பவர் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் ஒன்றை வெளியிட்டார். 28 சோதிடர்கள் அதில் பங்கு கொண்டனர். ஒரு சாதகத்தையும் மூன்று ஆளுமைத் தேர்வு முடிவுகளையும் கொடுத்து, சாதகருக்குரிய முடிவு எது என்று கேட்டார். பாதிக்குக் குறையாமல் சரியாகக் கூறுவோம் என்றனர் சோதிடர்கள். மூன்றில் ஒரு பங்கே சரியாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவ்வளவுதான் வரும். இக்கணக்கைச் சிலர் பின்னர் மறுத்து வாதாடியதும் உண்டு. ஆனால் அதே ஆய்வில் மற்றொரு செய்தி இருக்கிறது; அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். தேர்வு எழுதியவர்களிடமே மூன்று முடிவுகளைக் காட்டி, "உங்களுடையது எது?" என்று கேட்டபோது, அவர்களாலும் குருட்டாம்போக்குக்கு மேல் சரியாகச் சொல்ல இயலவில்லை. அச்செய்தி ஆளுமைத் தேர்வின் அன்பர்களையும் சற்றுச் சிந்திக்க வைக்க வேண்டும்.

மற்றொரு சோதனை நம் நாட்டிலேயே நடந்தது. 2008இல் புனே நகரில் வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகரும் நரேந்திர தாபோல்கர் முதலிய நண்பர்களும் 200 சாதகங்களைத் திரட்டினர். நூறு, படிப்பில் சிறந்த பிள்ளைகளுடையவை; நூறு, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையவை. 27 சோதிடர்களுக்குத் தலைக்கு நாற்பது சாதகங்கள் கொடுத்து, எவை எவருடையவை எனப் பிரிக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு 46 சரியாயின. காசைச் சுண்டிப் பார்த்தால் ஐம்பது வரும். தாபோல்கர் 2013இல் அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதையும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நம்மவர் சாதகங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பாட்டன் பாட்டிமாருள் பலருக்குப் பிறந்த நேரம் இருக்கட்டும், பிறந்த தேதியே எவரும் குறித்து வைக்கவில்லை. பள்ளியிற் சேர்த்தபோது ஆசிரியர் இட்ட தேதியே தேதி. அத்தேதியைக் கொண்டும் சாதகம் கணித்துப் பலன் சொன்னவர் உண்டு. பொருந்துகிறது என்று மகிழ்ந்தவரும் உண்டு! இது வேடிக்கை. வேடிக்கை அல்லாததும் ஒன்று உண்டு. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்னும் ஒரே ஒரு பழமொழியால் மணமாகாது நின்ற பெண்கள் எத்தனை பேர்! பிறந்த நேரத்தை அப்பெண் மாற்ற முடியாது. மறுதேர்வும் எழுத முடியாது.

இனி, ஆளுமைத் தேர்வுக்கு வருவோம். உளவியலார் ஒரு தேர்வை இரண்டு கேள்விகளால் அளக்கின்றனர். மீண்டும் வைத்தால் அதே விடை வருகிறதா என்பது நம்பகம். எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. நிறுவனங்களில் பெரிதும் பேசப்படும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை எடுத்துக்கொள்வோம். கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளைக் கொண்டு காதரின் பிரிக்ஸ் என்னும் தாயும் இசபெல் மையர்ஸ் என்னும் மகளும் அமைத்தது அது. மாந்தரை 16 வகையாகப் பிரிக்கிறது. சோதிடத்துக்கு 12 ராசி, இதற்கு 16! ஐந்து வாரம் கழித்து மீண்டும் எழுதியவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் வேறு வகைக்கு மாறிவிட்டதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. காரணம் எளிது. ஐந்தரை அடிக்கு மேல் நெட்டையர், கீழே குட்டையர் என்று கோடு கிழித்தால், கோட்டின் அருகில் நிற்போரே மிகப் பலர். அங்குலத்தில் ஒரு பங்கு பிசகினாலும் வகை மாறிவிடும். ஆளெடுப்பதற்கு இத்தேர்வைப் பயன்படுத்தலாகாது என்று அதை வெளியிடுவோரே கூறுகின்றனர். அக்கூற்றை வேலை கேட்டுச் செல்வோர் நினைவிற் கொள்க.

எல்லாத் தேர்வும் இப்படியல்ல. மாந்தரை வகை பிரிக்காமல், ஐந்து பண்புகளை மிகுதி குறைவாக அளக்கும் முறை ஒன்று உண்டு. அவ்வைந்தனுள் கடமையுணர்வு என்னும் பண்புக்கும் செய்யும் தொழிலின் தரத்துக்கும் உள்ள தொடர்பு, 1991 முதல் வந்த பல தொகுப்பாய்வுகளில் 0.2 அளவில் காணப்படுகிறது. தொடர்பே இல்லையெனில் 0, முழுத் தொடர்பெனில் 1. அந்த 0.2ஐக் கொண்டு பார்த்தால், தொழிலில் ஒருவர்க்கொருவர் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கையே விளக்கலாம். சிறிதுதான், ஆயினும் பூச்சியம் அன்று. சோதிடத்திற்கு இந்த நான்கும் கிட்டவில்லை. வேலைக்கு வந்தவனிடம் "நீ சோம்பேறியா?" என்று தாளில் கேட்டால் அவன் என்ன எழுதுவான் என்பதையும் சேர்த்தே இவ்வெண்ணை மதிக்க வேண்டும்.

நமக்கு இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அளவுகோல் யாரைக் கொண்டு செய்யப்பட்டது? 1943இல் வெளியான மின்னசோட்டா வினாத்தொகுதி உலகெங்கும் புகழ் பெற்றது. இயல்பான மனிதர் என்று அதற்கு அளவாக எடுத்துக்கொள்ளப்பட்டோர், பெரும்பாலும் மின்னசோட்டாவில் ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகளைக் காண வந்த வெள்ளையரே. அக்குறை உணரப்பட்டு 1989இல் வேறு மக்களையும் சேர்த்துத் திருத்தினர். திருத்த முடிந்தது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் நம் சேரியில் வளர்ந்த பிள்ளையின் கையில் தாளைக் கொடுத்து, "முன்பின் அறியாதவரிடம் எளிதாகப் பேசுவாயா?" "அதிகாரத்தில் உள்ளோர் நியாயமாக நடப்பர் என்று நம்புகிறாயா?" என்பன போல வினவினால் என்ன விடை வரும்? தேநீர்க் கடையில் தனிக் குவளை நீட்டப்பட்ட ஊரில், வாய் திறவாதிருத்தல் குணம் அன்று; கற்றுக்கொண்ட பாதுகாப்பு. தாளோ அதைக் கூச்ச சுபாவம் என்றும் ஐயுறும் மனம் என்றும் குறிக்கும். மதிப்பெண் பொய்யாகாமல் இருக்கலாம். அதற்குக் கூறும் பொருள் பொய்யாகிவிடும்.

ஆகையால், இத்தகைய தேர்வு எழுத நேரும் நம் இளைஞர்கள், தேர்வின் பெயர் யாது, இந்நாட்டு மக்களிடம் வைத்துப் பார்த்த அளவு உண்டா, முடிவை நமக்குக் காட்டுவீர்களா என்று பணிவாகக் கேட்கலாம். விடை கிடைக்காமலும் போகலாம். கேள்வியையும் கிடைத்த விடையையும் எழுதிச் சங்கத்தில் கொடுத்தால், அடுத்துச் செல்வோருக்கு உதவும்.

விடுதி மாணவர்களுக்கு ஒரு வேலை. நூலகத்தில் பழைய வார இதழ்கள் இருக்கின்றன. கடந்த வாரப் பலன் வந்த பக்கம் ஒன்றை எடுத்து, ராசிப் பெயர்களை மறைத்து, பன்னிரண்டு பலன்களுக்கும் எண் இட்டு, சென்ற வாரம் தமக்கு நடந்தது எது என்று ஒவ்வொருவரையும் எடுக்கச் சொல்லுங்கள். அறுபது பேர் எடுத்தால் ஐவருக்குத் தற்செயலாகவே சரியாக வரும். எத்தனை பேருக்கு வந்தது என்று அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்.