முடியாத அந்தாதி



பத்தாண்டு நிறைவு விழாவில் காப்பியம் ஒன்றை எடுத்துக்கொள்ளாமல் கன்னித்தீவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளில் தினத்தந்தியைப் பிரித்துச் சிந்துபாத்தைத் தேடாதவர் இந்த அவையில் எத்தனை பேர்?

சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய அந்நாளிதழில், 1960இல் கன்னித்தீவு புறப்பட்டது. மந்திரவாதி மூசா லைலாவைச் சிற்றுருவாக்கி விடுகிறான். அவளை மீட்கச் சிந்துபாத் கிளம்புகிறான். அவ்வளவே கதை. அறுபது ஆண்டுகள் கடந்தும் முடியவில்லை. ஓவியர்கள் மாறினார்கள், கறுப்பு வெள்ளை வண்ணமாயிற்று, அன்றைய வாசகர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். வழக்கானாலும் கல்யாணப் பேச்சானாலும், இழுத்துக்கொண்டே போவதைக் ‘கன்னித்தீவு’ என்றே நம் மக்கள் சொல்கிறார்கள். நம் கவிதை நூல்களில் எத்தனைக்கு இந்தப் பேறு வாய்த்திருக்கிறது?

அதன் கவர்ச்சி பூதங்களிலும் மாயங்களிலும் இருப்பதாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது யாப்பில் இருக்கிறது. நாள்தோறும் இரண்டு மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிகள். கடைசிக் கட்டம் வினைமுற்றாய் முடிவதில்லை, எச்சமாய் நிற்கிறது. ஓங்கிய வாள் இறங்காமல் நிற்கும். மறுநாள் அந்த வாளிலிருந்தே கதை தொடங்கும். இது அந்தாதி அல்லாமல் வேறென்ன? ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நம் அந்தாதியில் இறுதிச் செய்யுளின் ஈறு முதற்செய்யுளின் தொடக்கத்தோடு சேர்ந்து மண்டலிக்கும். கன்னித்தீவு மண்டலிக்க மறுக்கிறது.

அரபுக் கதையின் சிந்துபாத் ஏழு முறை கடலோடி ஏழு முறையும் வீடு திரும்பியவன். ஆறாம் பயணத்தில் அவன் போய்ச் சேர்ந்த சரந்தீப், நம் ஜெகதாப்பட்டினத்துக்கு அப்பால், பாக் நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் இலங்கைதான். நாளிதழின் சிந்துபாத்துக்கோ வீடு திரும்பும் கட்டம் இன்னும் வரையப்படவில்லை. அவன் கதை வரும் அதே தாளில்தான் நம் படகுகள் திரும்பாத செய்தியும் வருகிறது.

நம்மூர் விசைப்படகுத் தொழிலாளி ஒருவர் வீட்டில் ஒன்பது நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. கன்னித்தீவைக் கத்தரித்து ஒட்டி, வலை கட்டும் நைலான் நூலால் தைத்தவை. மூன்றை ஒரே இரவில் படித்தேன். உண்மையைச் சொன்னால் அலுத்தது. சிறைப்படுவதும் தப்புவதும் மீண்டும் மீண்டும் வருகின்றன. எதற்காகப் புறப்பட்டோம் என்பதைச் சிந்துபாத்தே மறந்துவிட்டானோ என்று தோன்றுகிறது. நாளுக்கு ஒரு வாய் உண்ண வேண்டியதைப் பந்தி போட்டு உண்டால் அப்படித்தான்.

ஆனால் நான்காம் நோட்டில் தொடர் எண்கள் தாவுகின்றன. கடலுக்குப் போன நாள்களின் தாளை வழக்கமாக அவர் மனைவி எடுத்து வைப்பார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அவர் அக்கரைச் சிறையில் இருந்த மாதங்களில் அந்த வீட்டில் தாளே வாங்கவில்லை. திரும்பி வந்து பிரித்துப் பார்த்தபோது சிந்துபாத் இன்னும் வழியில்தான் இருந்தானாம். ஏதும் தவறிவிட்டதாகத் தோன்றவில்லையாம். அடுத்த பக்கத்திலிருந்தே ஒட்டத் தொடங்கியிருக்கிறார். விரைந்து முடிகிற கதையாக இருந்திருந்தால் அவரை விட்டுவிட்டுப் போயிருக்கும். மண்டலிக்காத அந்தாதியின் அருமை எனக்கு அந்தப் பக்கத்தில்தான் விளங்கியது.

உப்புக்காற்றில் தாள் பழுத்துவிட்டது. புரட்டினால் ஓரம் உதிர்கிறது. கத்தரித்ததில் தேதிகள் போய்விட்டன, எண்களைக் கொண்டே வரிசை தெரிகிறது. நோட்டுகளை நம் வட்டத்துக்குத் தர அவர் இசைந்திருக்கிறார். அலமாரியில் வைத்துப் பூட்டக் கூடாது, சிறுவர்கள் கையில் எடுக்க வேண்டும் என்பது மட்டும் அவர் நிபந்தனை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில் இருப்பார். செயற்குழு அதற்குள் ஒரு முடிவு சொன்னால் நல்லது.